அண்ணியின் பெயர் வெட்டிய தூக்குவாளி

எங்கள் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் கவிழ்த்து வைக்கும் கூடையில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி இருக்கிறது. மூடியைச் சற்றுத் திருகி அழுத்தினால்தான் உட்காரும். கைப்பிடி ஒரு பக்கம் தளர்ந்துவிட்டது. விளிம்புக்குக் கீழே, புள்ளி புள்ளியாகக் குத்தி, அண்ணியின் பெயரும் அவருடைய அப்பாவின் முதலெழுத்தும் வெட்டியிருக்கும். கல்யாணச் சீர் வரிசையில் அண்ணியோடு நாகர்கோவிலிலிருந்து தாம்பரத்துக்கு வந்த பாத்திரம் அது. அண்ணி இப்போது இங்கே இல்லை. அண்ணனோடு புனேயில் இருக்கிறார். அந்தப் பெயரை நான்தான் தேய்த்துக் கழுவுகிறேன். நன்றாக அழுத்தித்தான் தேய்க்கிறேன். அது அழிவதாக இல்லை.

அண்ணியைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் என் பட்டியலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா இறந்துபோனார். அதன் பிறகு எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது, ஆனால் சமையல் நடந்தது என்று சொல்ல முடியாது. எனக்குச் சோறு வடிக்கத் தெரியும், முட்டை பொரிக்கத் தெரியும். அண்ணனுக்கு அதுவும் தெரியாது. அப்பா எதைப் போட்டாலும் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பார். அவர் எதுவும் சொல்லாமல் சாப்பிடுவதுதான் எனக்குத் தாங்கவில்லை. அம்மா இருந்தபோது உப்புக்கும் புளிக்கும் சண்டை போட்டவர் அவர். அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரையும் அண்ணனையும் வெளியே சாப்பிடக் கூட்டிப் போக ஆரம்பித்தேன். எங்கே என்ன நன்றாக இருந்தது என்பதைக் கணினியில் கட்டம் போட்டு எழுதி வைத்தேன். ஊர், கடை, கேட்க வேண்டியது, கேட்கவே கூடாதது, கூட்டம் குறையும் நேரம் என்று அது வளர்ந்தது. படப்பை போகும் சாலையில் நாட்டுக்கோழிச் சாறு, மேடவாக்கத்தில் தண்ணீர் லாரிகள் வரிசையாக நிற்கும் ஒரு தெருவில் ஆப்பம், கேளம்பாக்கம் கூட்டு ரோட்டில் மீன் சாப்பாடு. நல்ல பெருங்காயம் எங்கே, செக்கு எண்ணெய் எந்தக் கடையில் கலப்படம் இல்லாமல் கிடைக்கும் என்பதற்குத் தனிப் பக்கம். திரும்பப் போய்ப் பார்த்து உறுதி செய்யாமல் எந்தக் கடையையும் நான் அதில் சேர்த்ததில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக அப்பா மறுபடியும் குறை சொல்ல ஆரம்பித்தார். "கொழம்புல உப்பு ஒரு கல்லு தூக்கல்" என்று அவர் ஒரு நாள் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதன் பிறகு ஞாயிறு காலையில் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அவர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "அம்மாடி, இன்னிக்கு உன் லிஸ்ட்டு என்ன சொல்லுது?" படிப்பு முடிந்து, ஓ.எம்.ஆர் சாலையில் மென்பொருள் சோதிக்கும் வேலையில் சேர்ந்து, நல்ல பெயரும் வாங்கினேன். ஆனால் என் வாரம் நின்றது அந்த ஒரு கேள்வியின் மேல்தான்.

பிறகு அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது.

வந்த வாரமே அண்ணி கேட்டார். "இங்க கொடம்புளி எங்க கிட்டும் மக்ளே? அது இல்லாம மீன்கறி வெச்சா அது கறியே இல்லையாக்கும்." நாகர்கோவில்காரர்களுக்கு அந்தக் கறுத்த, காய்ந்த, புகை மணக்கும் புளி இல்லாமல் மீன் இறங்காது என்பதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன். பட்டியலில் தேடி மூன்று கடைகளை வரிசைப்படுத்தி அவருடைய போனுக்கு அனுப்பினேன். எந்தக் கடை எந்தக் கிழமை விடுமுறை என்பது உட்பட. அண்ணி மிகுந்த நன்றியோடு வாங்கிக்கொண்டார். மாலையில் குடம்புளியோடு திரும்பி வந்தார். நான் சொன்ன மூன்று கடைகளில் எதிலிருந்தும் அல்ல. தாம்பரம் மார்க்கெட்டில் மசாலாச் சாமான் விற்கும் ஒரு பாய் கடையிலிருந்து. நான் அந்தக் கடையைப் பலமுறை கடந்து போயிருக்கிறேன்.

"அங்க கொடம்புளி விக்க மாட்டாங்களே அண்ணி?"

"விக்கல்ல. அவங்க வீட்டுக்கு வாங்கி வெச்சிருந்தாரு. பாயோட வீட்டுக்காரி தக்கலைக்காரி மக்ளே, எங்க ஊருப் பக்கம்! பேசிட்டு நின்னேன், பாதி எடுத்துக் குடுத்துட்டாரு."

பேசிட்டு நின்னேன். அண்ணியின் முறை முழுவதும் அந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடும். அவர் எதையும் எழுதி வைத்ததில்லை, எந்த மதிப்பீட்டையும் படித்ததில்லை. கடையில் போய் நிற்பார், பேசுவார். சின்ன விரல் அளவே இருக்கும் மட்டிப்பழம் அவருடைய ஊரைத் தாண்டினால் கிடைப்பது அரிது. அது எங்கள் வீட்டுக்கு மாதம் தவறாமல் வந்தது. பெருங்களத்தூரில் காலை நேரத்தில் ஊர்ப் பேருந்துகளுக்காகக் காத்திருந்து, சொந்தக்காரர்கள் அனுப்பிய பார்சலை வாங்கிக்கொண்டு போகும் கூட்டம் ஒன்று எப்போதும் இருக்கும். அந்தக் கூட்டத்தில் ஒரு அக்காவைப் பிடித்து வைத்திருந்தார் அண்ணி. அந்த அக்காவின் அம்மா அனுப்பும் அட்டைப் பெட்டியில் எங்களுக்கும் ஒரு சீப்பு இருக்கும். அந்த அம்மாவை அண்ணி பார்த்ததுகூட இல்லை.

அப்பா மட்டிப்பழத்தை உரித்து, முகர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். "இத்தன வருஷம் மெட்ராஸ்ல இருந்து என்ன பிரயோஜனம்? இப்பதான் பழமே சாப்பிடறேன்" என்றார். அந்த இத்தனை வருடத்தில் நான் வாங்கி வந்த பழங்களும் அடக்கம்.

ஆனால் உண்மையில் என்னை அடித்தது ஓர் ஓட்டல் மேஜை. மேடவாக்கத்துக்கு அப்பால் சாலையோரமாக இருக்கும் பிரியாணிக் கடை அது. என் பட்டியலில் நான் மிகவும் பெருமைப்பட்ட வரிகளில் ஒன்று. 'மட்டன் பிரியாணி. பன்னிரண்டரைக்கு முன் போகவும். மீன் வறுவல் வேண்டாம்.' குடும்பமே போயிருந்தோம். எல்லாவற்றையும் நானே சொல்லி முடித்த பிறகு, தண்ணீர் வைக்க வந்தவரிடம் அண்ணி சாதாரணமாகக் கேட்டார்.

"அண்ணா, நீங்க இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க?"

அவர் கையிலிருந்த ஜக்கோடு நின்றுவிட்டார். "நானா? இன்னாக்கா இப்டி கேக்குற? காலைல பழைய சோறும் கருவாட்டுக் கொழம்பும்."

"கருவாட்டுக் கொழம்பா? யாரு வெச்சா?"

"நம்ம மாஸ்டர்தான். அது கஸ்டமருக்கு இல்லக்கா. நாங்க துன்றதுக்கு வெச்சது."

"கொஞ்சம் இருக்குமா?"

அவர் சமையற்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், சிரித்தார். சற்று நேரத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்பு வந்தது. கத்தரிக்காய் போட்டு, எண்ணெய் மிதக்க, மெனுவில் எங்குமே இல்லாத குழம்பு. அப்பா பிரியாணியை ஓரமாக ஒதுக்கிவிட்டு, வெறும் சோறு கேட்டு வாங்கி, அந்தக் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். போகும்போது மாஸ்டரே வெளியே வந்து, "அடுத்த வாட்டி சொல்லிட்டு வாங்கக்கா, சென்னாகுனி எறா வறுத்து வெக்கிறேன்" என்றார். அந்தக் கடைக்கு அண்ணி அன்றுதான் முதல்முறை போகிறார். அந்த மாஸ்டரின் முகத்தை நான் அன்றுதான் முதல்முறை பார்க்கிறேன்.

பொறாமை வயிற்றில் எரியும் என்பார்கள். எனக்கு அப்படி இல்லை. நான் அமைதியான பெண் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். என் பொறாமையும் அமைதியாகத்தான் இருந்தது, வேலை நேரத்தில்கூடப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுபோல. என் தொழிலில் ஒரு பிழை இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் அதை மறுபடி நிகழ்த்திக் காட்ட வேண்டும். அண்ணியின் வித்தையையும் நான் அப்படி நிகழ்த்திப் பார்த்தேன். அலுவலகத் தோழிகளோடு கேளம்பாக்கத்தில் ஒரு கடைக்குப் போனபோது, பரிமாறியவரிடம் அதே கேள்வியை, அதே சொற்களில் கேட்டேன். "அண்ணா, நீங்க இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க?" அவருடைய முகம் வெளுத்துவிட்டது. "ஏன் மேடம், எதாச்சும் கம்ப்ளெய்ன்ட்டா?" என்றார். ஐந்து நிமிடத்தில் முதலாளி வந்து, கையைக் கட்டிக்கொண்டு, சமையலறை சுத்தமாக இருக்கிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள் என்றார். என்னை உணவுப் பாதுகாப்பு அதிகாரி என்று நினைத்துவிட்டார்கள். தோழிகள் அதைச் சொல்லி இன்றுவரை சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி எப்போது மாறியது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. ஒரு நாள் அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சமையலறைப் பக்கம் பார்த்துக் கேட்டார். "ஏம்மா, இன்னிக்கு எங்க போலாம்?" நான் அவருக்குப் பக்கத்தில், மடியில் கணினியோடு, உட்கார்ந்திருந்தேன்.

அண்ணியிடம் எனக்கு ஒரு சின்னக் கெடுதல்கூடக் கிடைக்கவில்லை. இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். எனக்குத் தலைவலி என்றால் சுக்கு அரைத்துப் பற்றுப் போடுவார். தன் தோழிகளிடம் "எங்க நாத்தனார் இன்ஜினீயர், பெரிய மூளைக்காரி" என்று என் முன்னாலேயே சொல்வார். அவர் என்னைப் போட்டியாக நினைக்கவே இல்லை என்பது இன்னும் கொஞ்சம் வலித்தது.

அடுத்த ஆண்டு அப்பாவுக்கு டைபாய்டு வந்தது. காய்ச்சல் இறங்கிய பிறகும் நாக்குக்கு ருசி திரும்பவில்லை. எல்லாம் கசக்கிறது என்றார். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. சட்டைக்குள் அவருடைய தோள் எலும்பு தெரிந்தது. அம்மா போன பிறகு எதுவும் சொல்லாமல் சாப்பிட்ட அந்த மனிதர் திரும்பி வந்துவிட்டார் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்த முறை அவர் சாப்பிடவும் இல்லை. இது என் வேலை என்று நினைத்தேன். முன்பு அவரை மீட்டவள் நான்தான். பட்டியலை முழுவதும் விரித்து, காய்ச்சல்காரருக்கு ஆகுமா என்று மருத்துவரிடம் கேட்டு, ஆகாதவற்றை நீக்கி, மிச்சத்தை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தேன். படப்பைச் சாறு வந்தது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மெஸ்ஸிலிருந்து மிளகு ரசமும் குழைந்த சோறும் வந்தன. மேடவாக்கத்து ஆப்பம் தேங்காய்ப் பாலோடு வந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்துவிட்டு, "நல்லாருக்கும்மா" என்று சொல்லி மூடியைப் போட்டுவிடுவார். என் மனம் நோகக் கூடாது என்பதற்காக அவர் சொன்ன அந்த ஒரு சொல்லைப் போல என்னை நோகடித்தது வேறு எதுவும் இல்லை.

அது ரம்ஜான் மாதம். ஒரு நாள் மாலை, கேளம்பாக்கத்திலிருந்து இடியாப்பப் பார்சலோடு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது, அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து டம்ளரில் எதையோ குடித்துக்கொண்டிருந்தார். அண்ணி பக்கத்தில் தூக்குவாளியோடு நின்றிருந்தார். வீடு முழுக்க இஞ்சி பூண்டு வாசனையும் புதினா வாசனையும். பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி. மார்க்கெட்டுக்குப் போனபோது மாமா சாப்பிட மாட்டேன் என்கிறார் என்று மசாலாக் கடை பாயிடம் அண்ணி புலம்பியிருக்கிறார். "பாத்திரத்தக் கொண்டாந்து பள்ளில வைங்கம்மா, எல்லாருக்கும்தான் குடுக்கறோம்" என்று அவர் சொல்லியிருக்கிறார்.

அப்பா டம்ளரைச் சாய்த்து, அடியில் நின்ற பருக்கையை விரலால் வழித்துச் சாப்பிட்டார்.

"இன்னும் இருக்காம்மா?"

"வாளி நிறைய இருக்கு மாமா. பைய குடிங்க."

நான் பார்சலோடு வாசலிலேயே நின்றேன். அந்தப் பள்ளிவாசல் நான் தினமும் ரயில் நிலையத்துக்குப் போகும் தெருவில் இருக்கிறது. ஆண்டுதோறும் ரம்ஜானில் மாலையானால் அங்கே பாத்திரங்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறேன். எங்கள் தெருக்காரர்கள் பலர் அதில் கஞ்சி வாங்குவதும் தெரியும். அது கடையில்லை. அதனால் அதை ஒரு நல்ல சாப்பாடு கிடைக்கும் இடமாக என் மூளை பார்க்கவே இல்லை. அப்பா சாப்பிட்டார் என்ற நிம்மதி எனக்கு வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் வந்தது வேறொன்று. அந்த டம்ளர் என் கையிலிருந்து போயிருக்க வேண்டும் என்பது.

மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டேன். அண்ணிக்கு முன்னால் நான் கஞ்சியோடு வீட்டில் இருக்க வேண்டும். என்னுடைய சூடு தாங்கும் புதுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனேன். இணையத்தில் நன்றாக ஆராய்ந்து வாங்கியது, ஒரு சொட்டு ஒழுகாது. வரிசையில் அதை வைத்துவிட்டு எல்லோரையும் போல நகர்ந்து நின்றேன். உள்ளே கொண்டுபோய் நிரப்பி எடுத்து வந்தார்கள். ஒருவர் பாத்திரத்தின் மேல் வெட்டியிருந்த பெயரைப் படித்துக் கூப்பிடக் கூப்பிட, ஒவ்வொருவராகப் போய் வாங்கிக்கொண்டார்கள். பெயர் இல்லாதவர்கள் கைப்பிடியில் துணி கட்டியிருந்தார்கள், அல்லது மூடியில் மை வைத்திருந்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு நான் மட்டும் நின்றேன்.

"உங்களுது எதும்மா?"

"நீல மூடி போட்டது சார். புதுசு."

"நீல மூடில நாலஞ்சு வந்துச்சே! எல்லாம் ஒரே மாதிரி. யாரோ உங்களுத எடுத்துட்டுப் போயிட்டாங்க போல. பேரு இல்லாம வெச்சா நாங்க எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?" அவருக்கே பாவமாகிவிட்டது. வேறு பாத்திரம் இருந்தால் கொடுங்கள், அடியில் கொஞ்சம் இருக்கிறது என்றார். என்னிடம் வேறு பாத்திரம் இல்லை.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். தெருமுனையில் அண்ணி தூக்குவாளியோடு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவரும் வரிசையில் அதை வைத்திருக்கிறார். அவருடைய பெயரை உரக்கக் கூப்பிட்டபோது, நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. நடந்ததைச் சொன்னதும் அண்ணி நடுத்தெருவில் நின்று வாய்விட்டுச் சிரித்தார். "இன்ஜினீயரம்மா பாத்திரத்தத் தொலைச்சிட்டு வந்துட்டியே! பேரு வெட்டாத பாத்திரத்த எவளாவது வெளிய கொண்டு போவாளா? நாளைக்கு என்னுதக் கொண்டு போ மக்ளே."

நான் கொண்டு போகவில்லை. அந்த மாதம் முழுவதும் அண்ணிதான் போனார். பெருநாள் வருவதற்குள் அப்பா ரசத்தில் புளி போதவில்லை என்று சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டார். அண்ணியோடுதான் சண்டை போட்டார்.

பிறகு அண்ணனுக்குப் புனேக்கு மாற்றல் வந்தது. அண்ணி தன் பாத்திரங்களை எல்லாம் காகிதம் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனார். அவர்கள் போன மறுநாள் கூடையில் தூக்குவாளி கவிழ்ந்திருந்தது. போன் செய்து, மறந்துவிட்டீர்கள் என்றேன். "மறக்கல்ல மக்ளே. இங்க எனக்கு யாரு கஞ்சி தரப்போறா?" என்றார். அதைக் கிண்டலாகச் சொன்னாரா, வேறெதுவாகச் சொன்னாரா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. இப்போது அவர் புனேயிலும் பேசிக்கொண்டு நின்று எல்லாவற்றையும் பிடித்துவிட்டார். குடும்பக் குழுவில் படங்கள் வருகின்றன. யார் வீட்டுத் தோட்டத்திலிருந்தோ முருங்கைக்கீரை. யாரோ மலையாளி அம்மா கொடுத்த குடம்புளி. அப்பா போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பாத்தியா!" என்பார் என்னிடம். பார்க்கிறேன். என் பட்டியலை இப்போது அலுவலகத்தில் எத்தனையோ பேர் பயன்படுத்துகிறார்கள். மேடவாக்கத்து அடுக்ககங்களில் முகம் தெரியாதவர்கள்கூட நன்றி சொல்லிச் செய்தி அனுப்புகிறார்கள். அது எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் மசாலாக் கடையில் சாமானைக் கட்டிக்கொண்டே பாய் கேட்பது, "அண்ணி எப்படிம்மா இருக்காங்க?" என்றுதான்.

இந்த ஆண்டு ரம்ஜான் தொடங்கி சில நாள் கழித்து அப்பா தற்செயலாகச் சொல்வதுபோலச் சொன்னார். "பள்ளில கஞ்சி ஊத்த ஆரம்பிச்சிருப்பாங்க இல்ல?" என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். நான் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனேன். வரிசையில் வைத்தேன். தள்ளி நின்றேன். கஞ்சி நிரம்பிய பாத்திரங்கள் வெளியே வந்தன, பெயர்கள் ஒலித்தன. பிறகு அவர் தூக்குவாளியைத் தூக்கி, வெளிச்சத்தில் சாய்த்து, அண்ணியின் பெயரை உரக்கப் படித்தார். அவர் மறுபடி கூப்பிட்டார். பக்கத்தில் நின்றிருந்த அம்மா, "யாருங்க அது? வந்து வாங்கிக்கங்க, ஆறிடும்" என்றார்.

நான் கையைத் தூக்கினேன்.

அப்பா குடித்தார். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். 'நல்லாருக்கும்மா' என்று சொல்லி மூடிவிடுவாரோ என்று காத்திருந்தேன். டம்ளரின் அடியை விரலால் வழித்தார். "இன்னும் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே தூக்குவாளியை எட்டிப் பார்த்தார். இருந்தது. ஊற்றினேன். குடித்து முடித்ததும் போனை எடுத்து அண்ணியைக் கூப்பிட்டு, "இன்னிக்குக் கஞ்சி வந்துச்சும்மா" என்றார். யார் கொண்டு வந்தது என்று சொல்லவில்லை. அண்ணிதான் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டிருக்க வேண்டும். "ஆமாமா, இவதான்" என்றார் அப்பா.

அந்தச் சனிக்கிழமை தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு புதுத் தூக்குவாளி வாங்கினேன். கடைக்காரர் பெயர் வெட்டும் கருவியை எடுத்துக்கொண்டு, என்ன பெயர் என்று கேட்டார். சொன்னேன். கருவி எவர்சில்வரில் கிறீச்சிட்டு ஓடியது. விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக என் பெயர் வந்தது.

இப்போது கூடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்ந்திருக்கின்றன. அண்ணியுடையதன் கைப்பிடி தளர்ந்திருக்கிறது, மூடி திருகி அழுத்தினால்தான் உட்கார்கிறது. என்னுடையது அதைவிட ஒரு சுற்றுப் பெரியது. பார்த்துத்தான் வாங்கினேன்.